முப்பது மாத்திரை, பதினோரு பங்கு

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் தலைப்பையும் கையோடு கொடுத்துவிட்டார்கள்: உணவில் இரும்புச்சத்தும் உடல்நலமும். இதில் நான் உங்களுக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? முருங்கைக்கீரையில் இருக்கிறது, கேழ்வரகில் இருக்கிறது, ஈரலில் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதித்தானே கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எழுதியதெல்லாம் சரிதான். நானும் அப்படித்தான் எழுதினேன், நல்ல மார்க்கும் வாங்கினேன். வாங்கிய மார்க்கோடு வேலைக்கு வந்து, இரண்டாவது வருஷத்தில் ஒரு பெண்ணைக் கிட்டத்தட்டச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வைத்திருக்கிறார்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். குறட்டை மட்டும் வேண்டாம், எனக்குக் கோபம் வரும்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமம். எழுபதுகள். கோட்டையில் கொடி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. விவசாயக் கூலி இவ்வளவு என்று சட்டம் இருந்தது. சட்டம் கோட்டையில் இருந்தது, நெல் அளக்கிற மரக்கால் மிராசுதார் வீட்டில் இருந்தது. அந்த வருஷம் சம்பா நடவுக்கு முன்பே கூலித் தகராறு முற்றி, விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த தெற்குத் தெரு மொத்தமும் வயலில் இறங்குவதில்லை என்று உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நடவை முடித்தார். தெற்குத் தெருக்காரர்கள் யாரும் வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று கம்போடு காவலும் போட்டார்.

என் சப் சென்டர் எங்கே இருந்தது என்று கேளுங்கள். அதே மிராசுதாருடைய ஓட்டு வீட்டில்! அரசாங்கத்துக்கு அப்போது சொந்தக் கட்டடம் ஏது? முன் அறையில் மருந்து பீரோ, பின் அறையில் நான். மருந்துக்கு வருகிறவர்கள் மிராசுதாரின் காரியஸ்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். அது ஒரு பிரச்சினை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வயது இருபத்து மூன்று, ஓட்டு வீடு கிடைத்ததே பெரிது என்று இருந்தேன்.

காத்தாயி என்று ஒரு பெண், தெற்குத் தெரு. மூன்றாவது கர்ப்பம், ஆறாம் மாதம். முதல் இரண்டும் பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் பாய் நனைந்து தரையும் நனைகிற அளவுக்கு உதிரம் போய், ஆயுசு கெட்டியாக இருந்ததால் பிழைத்தவள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வடித்த கஞ்சியின் நிறம். முந்தானை முடிச்சில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அவிழ்க்கச் சொன்னால் உள்ளே அடுப்பு மண் கட்டி. மண் தின்கிற கர்ப்பிணியைப் பார்த்தால் சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். அவள் உடம்பில் ரத்தம் இல்லை என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். பெயரைச் சொன்னால் பிடிக்காது அவருக்கு, அதனால் சொல்லவில்லை. காத்தாயியின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹீமோகுளோபின் ஆறு கிராம்தான் இருக்கு, பதினொண்ணாவது இருக்கணும். போன தடவை மாதிரி ரத்தம் போச்சுன்னா இந்தத் தடவை போறதுக்கே உள்ள இருக்காது. சட்டியில இருந்தாத்தானேம்மா அகப்பையில வரும்? மூணு மாசம் இருக்கு. ஏத்து."

அவ்வளவுதான் சொன்னார். டப்பாவிலிருந்து முப்பது இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் காத்தாயி கையில் கொடுத்தேன். தினம் ஒன்று, மறக்காதே என்றேன். அதோடு விட்டேனா? தெற்குத் தெருவுக்கே போய்ப் பெண்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். ஈரல், பேரீச்சம்பழம், முட்டை, கீரை என்று பாடப் புத்தகத்தை அப்படியே ஒப்பித்தேன். வேலை நிறுத்தம் நடந்த நாட்கள் முழுக்கத் தெருவுக்கே ஒரு பொதுக் கஞ்சிப் பானைதான். அந்தப் பானைக்குப் பொறுப்பு பாக்கியம். நாற்பது வயது தாண்டிய பெண், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஈரலுங்களா? ஆட்டை யாருங்க அறுக்குறது, நீங்களா நானா?" என்றாள். "அப்புறம் அந்தப் பேரீச்சம்பழம்னு சொன்னீங்களே, அது உருண்டையா இருக்குமா, நீட்டமா இருக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. படிக்காத ஜனங்கள், சொன்னால் புரியாது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ரத்தத்தைப் பார்த்தால் அதே ஆறு கிராம். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாள். வெளிக்குக் கருப்பாகப் போகிறதா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்க" என்றாள். இரும்பு மாத்திரை தினமும் உள்ளே போனால் மலம் கருக்கும். நம் தொழிலில் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி அதுதான், பொய் சொல்லத் தெரியாத சாட்சியும் அதுதான்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. டாக்டருக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம்தான் அப்படிக் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. மறுநாள் தெற்குத் தெருவில், கஞ்சிப் பானையைச் சுற்றி எல்லாரும் நிற்கும்போது, அத்தனை பேர் முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரையை எங்கேடி கொட்டினே? வாய்க்கால்லயா, எருக்குழியிலயா? சர்க்கார் மாத்திரை தின்னா அப்புறம் பிள்ளையே பொறக்காதுன்னு எவனாவது சொன்னானா? வெளிக்குக் கருப்பாப் போகலைன்னா நீ தின்னலைன்னு அர்த்தம். என்னை ஏமாத்திடலாம், பிரசவத்தை ஏமாத்த முடியுமா?"

காத்தாயியின் கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவளை ஏன் வையிறீங்க? மாத்திரை ஒண்ணும் வீணாப் போவல. பங்கு வச்சிட்டோம்."

"பங்கா?"

"ஆமாங்க. வேலைக்கு எறங்குறதில்லன்னு உக்காந்த அன்னைக்கே தெருவுல பேசுனது. எந்த வீட்டுக்கு எது வந்தாலும் பொதுவுக்கு வந்துடணும். ஒருத்தி தின்னு இன்னொருத்தி பாத்துக்கிட்டு இருந்தான்னு வைங்க, மூணாம் நாளு அவ வயல்ல எறங்கிடுவா. ரத்தம் ஊறுற மருந்துன்னு நீங்கதானே சொன்னீங்க? ரத்தம் இவளுக்கு மட்டுந்தானா இல்ல? பொம்பளைங்க பதினோரு பேரு, ஆளுக்கு ரெண்டு. மிச்சம் எட்டு இருந்துச்சு, காச்சல்ல கெடந்தவளுக்குக் குடுத்துட்டோம்."

"இதை ஏன் நீ எங்கிட்டச் சொல்லல?" என்று காத்தாயியைக் கேட்டேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க அவுங்க வீட்டுலல்லங்க இருக்கீங்க. தெருவுல பேசுனத எப்படிங்க அங்க வந்து சொல்றது?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 'ஒரு ஆளுக்கு மாதம் ரெண்டு மாத்திரை எதுக்குக் காணும், முட்டாள்களா' என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் பாக்கியம் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றது. ரத்தம் இவளுக்கு மட்டுந்தானா இல்ல?

ஒவ்வொருத்தராகக் கண்ணைக் காட்டச் சொன்னேன். பாக்கியத்தில் ஆரம்பித்துப் பத்துப் பேருடைய இமையையும் இழுத்துப் பார்த்தேன். பத்தும் கஞ்சி நிறம். என் ரிஜிஸ்டரில் கர்ப்பிணிக்குத்தான் கோடு போட்டிருந்தது, மற்றவர்களுக்கு இடமே இல்லை. அதனால் நான் பார்க்கவே இல்லை. படிக்காதவர்கள் என்று நான் நினைத்த ஆட்கள் பங்கு வைத்தது சரி. மருந்துதான் போதவில்லை. காத்தாயியிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்காமல் அடுத்த வார்த்தை பேச முடியாத நிலைமை.

அப்புறம்தான் முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். வேலை இருந்த காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?

"வயல்ல எறங்குனா கொழம்பு தானா வந்துருங்க," என்றாள் பாக்கியம். "ஒரு சட்டி நத்தை, நாலு நண்டு, ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி மடி நெறைய. இப்பத்தான் வரப்புல கால வச்சா கம்பத் தூக்குறானுங்களே. கஞ்சியும், பசி அடங்க டீத்தண்ணியும்தான்."

நத்தை என்று சொன்னாலே வாயைக் கழுவச் சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். இரும்பு எதிலெல்லாம் உண்டு என்று நான் ஒப்பித்த பட்டியலில் அது இல்லை. வேலையை நிறுத்திய அன்றைக்கே இவர்கள் கூலியோடு சேர்த்து இரும்பையும் இழந்திருக்கிறார்கள். போதாததற்கு டீத்தண்ணி வேறு. சோற்றிலும் கீரையிலும் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் அது உடம்பில் சேர விடாது. ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு நான் இவர்களுக்குக் கறி சமைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

மறுநாள் பஸ் பிடித்து டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கர்ப்பிணிக்கு மட்டும்தான் மாத்திரை என்பது அன்றைய விதி. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"பதினோரு பேர் கண்ணையும் பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"அப்ப பதினோரு பேருக்கும் எடுத்துட்டுப் போ. மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன். பூச்சி மருந்தும் எடுத்துக்கோ. செருப்பில்லாம சேத்துல நிக்கிற காலு, கொக்கிப்புழு இல்லாம இருக்குமா? நீ மேல ஊத்துவே, அது கீழ உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதெல்லாம் சரி, சோத்துக்கு என்ன வழி?"

அதை யோசித்துக்கொண்டே ஊருக்கு வந்து, நேராக மிராசுதாரைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். வயலில் கீரையும் நத்தையும் எடுத்துக்கொள்ள மட்டும் பெண்களை விடுங்கள் என்று கேட்டேன்.

"நான் வேண்டாம்னா சொன்னேன்? வேலைக்கு வரச் சொல்லும்மா. நத்தை என்ன, கெண்டையே புடிச்சிக்கட்டும். நீயே போய் அவங்ககிட்டச் சொல்லிடேன்."

நான் போய்ச் சொன்னேன். ஆமாம், அப்படியே போய்ச் சொன்னேன்! சிரிக்காதீர்கள். நல்லது செய்கிற நினைப்பில்தான் இப்படிப்பட்ட தப்பெல்லாம் நடக்கும். பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதச் சொல்லத்தான் வந்தீங்களா? அவருக்குக் காரியஸ்தர்னு ஒருத்தரு இருக்காரே, அவரு பத்தாதா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மருந்துப் பையில் மருந்தைத் தவிர வேறு யாருடைய நிபந்தனையையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆளுகிற கட்சி, எதிர்க்கட்சி, பஞ்சாயத்துத் தலைவர், யாருடையதாக இருந்தாலும் சரி. எனக்கு அது புரியவே ஒரு வேலை நிறுத்தம் தேவைப்பட்டது.

என்னைக் காப்பாற்றியது காத்தாயிதான். ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வயலு அவருது, சரி. வாய்க்காக் கரை யாருதுங்க?"

"சர்க்காருது."

"நீங்க?"

"நானும் சர்க்காருதான்," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது.

மறுநாள் காலை வெள்ளைப் புடவையோடு பதினோரு பெண்களுக்கு முன்னால் வாய்க்கால் கரையில் நடந்தேன். வரப்பில் கம்போடு நாலு பேர் எழுந்தார்கள். செய்தி போய், காரியஸ்தர் குடையும் கையுமாக வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தார்.

"என்னங்க நர்சம்மா, நீங்களும் ஸ்ட்ரைக்கா?"

"நான் டூட்டியில இருக்கேன். இவங்களுக்கு மருந்து இந்தக் கரையிலதான் இருக்கு, எடுத்துட்டுப் போறோம்."

"இது அய்யா வயலுக்குப் போற வாய்க்கா."

"தண்ணி அவரு வயலுக்குப் போகட்டும், யாரு வேண்டாம்னா? கரை சர்க்காரோடது. சந்தேகமா இருந்தா கர்ணத்தைக் கூப்பிட்டு அடங்கல் கணக்கைப் பாக்கச் சொல்லுங்க. வரப்புல ஒருத்தி கால் வச்சா என்னைக் கேளுங்க."

காரியஸ்தர் என்னையும் பார்த்தார், கம்புக்காரர்களையும் பார்த்தார். கர்ப்பிணி மேல் அடி விழுந்து, நடுவில் சர்க்கார் நர்ஸும் இருந்தால் போலீஸ் யார் வீட்டுக்கு வரும் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியும்.

"வீட்டைப் பத்தி அய்யா யோசிக்க வேண்டி வரும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

பெண்கள் கரையில் இறங்கினார்கள். அன்றைக்குத் தெருப் பானையில் நத்தைக் குழம்பும் பொன்னாங்கண்ணியும். எனக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். கீரையைத் தின்றேன். நத்தையைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். பாக்கியம், "பேரீச்சம்பழம் மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

எட்டாம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. மருந்துப் பீரோவைத் தெற்குத் தெருப் பெண்களே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் தெருக் கோடியில் ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தார்கள். இடமாற்றத்துக்கு டாக்டர் ஒரு வரியில் அனுமதி எழுதிக் கொடுத்தார். அந்தக் கொட்டகை ஒழுகும். ஆனால் அங்கே போன பிறகு என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லை, நானும் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து அனுப்பவில்லை. பூச்சி மருந்து முதலில் கொடுத்தாகிவிட்டது. தினமும் கஞ்சிக்கு முன்னால் வரிசையில் நின்று என் எதிரிலேயே முழுங்க வேண்டும். டீத்தண்ணி மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. எலுமிச்சை கிடைத்த நாளில் கீரையில் பிழிந்தோம், இரும்பு நன்றாகச் சேரும் என்பதால்.

காத்தாயிக்குத் தினம் இரண்டு மாத்திரை வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு அவளே ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தவளுக்கு ஒன்று, எனக்கு மட்டும் என்ன ரெண்டு என்றாள். பாக்கியம்தான் தீர்ப்புச் சொன்னாள்.

"வயித்துல இருக்குறதும் நம்ம தெரு ஆளுதானே? அதுக்கு ஒரு பங்கு. அதுக்கு வாயி இல்ல, அதனால நீ முழுங்குற."

ஒரு மாதத்தில் அவள் முந்தானை முடிச்சில் மண் கட்டி இல்லை. ஒன்பதாம் மாதம் ரத்தம் பார்த்தபோது ஒன்பது கிராமைத் தொட்டிருந்தது. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது, உச்சி வேளையில், அந்தக் கொட்டகையிலேயே பிரசவம். பெண் குழந்தை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு, பயந்தபடியே உதிரம் போக ஆரம்பித்தது. என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விடுங்கள். மன்னார்குடிக்குப் போக வெளியில் வண்டி பூட்டி நின்றது. பாக்கியம் காத்தாயியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே இருடி, பேசிக்கொண்டே இரு என்று அதட்டினாள். உதிரம் நின்றபோது பாய் நனைந்திருந்தது. முதலில் இருந்த ஆறு கிராமோடு அவ்வளவு போயிருந்தால் அவள் உடம்பைத்தான் அந்த வண்டியில் ஏற்றியிருப்போம்.

கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். காத்தாயி படுத்தபடியே கையை நீட்டி, என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வரிசையில் நிற்கும்போது நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"அக்கா, இங்க வந்து பாரு," என்று பாக்கியத்தைக் கூப்பிட்டாள். "நர்சம்மாவுக்கும் கஞ்சிதான்."

இரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்த நான் ஒரு மாத்திரைகூடப் போட்டதில்லை. காலையில் காபி, மத்தியானம் ரசம், சாயங்காலம் காபி. பாக்கியம் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்து வந்தாள். என்னைக் கேட்கவே இல்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்து, "இனிமே பங்கு பன்னெண்டு. என் கண்ணு முன்னாடி முழுங்குங்க," என்றாள்.

முழுங்கினேன். அடுத்த நாளும் வரிசையில் கடைசியாக நின்று முழுங்கினேன். கூலிப் பேச்சு அறுவடை நெருங்கித்தான் முடிந்தது, அதுவரை பொதுப்பானை இருந்தது. நான் முழுங்க ஆரம்பித்த நாலாம் நாள் காலை அந்தப் பானையைச் சுற்றித் தெருவே நின்றுகொண்டிருந்தது. நான் காத்தாயியைத் திட்டிய அதே இடம். என்னைப் பார்த்ததும் பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வீடுவரை கேட்கும்படி கேட்டாள்.

"என்னங்க நர்சம்மா, வெளிக்குக் கருப்பாப் போவுதா?"

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த காத்தாயியும் பார்த்தாள்.

"போவுதுக்கா," என்றேன்.